பின் ஷாக் மாற்றினேன்: ஒரு முறை தப்பாக, ஒரு முறை சரியாக

போன ஞாயிற்றுக்கிழமை கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் பைக்கில் மனைவியோடும் மூன்று பெட்டிகளோடும் ஏறி இறங்கினேன். ஒரு இடத்திலும் பின் ஷாக் அப்சார்பர் முழுக்க அமுங்கி அடி முட்டவில்லை. மலைமேல் சோளக்காடு ஊரில் டீக்கடை முன்னால் நிறுத்தி, ஷாக் எவ்வளவு அமுங்கியது என்று காட்ட அதன் தண்டில் மாட்டியிருந்த கேபிள் டையைக் குனிந்து பார்த்தேன். அடி ரப்பருக்கு இன்னும் 9 மி.மீ. பாக்கி இருந்தது. அந்த 9 மி.மீ.க்காக ஐந்து மாதமும் 34,000 ரூபாயும் ஆகியிருக்கிறது. அதில் இரண்டு மாதமும் நாலாயிரத்துச் சொச்சமும் என் அவசரத்துக்குக் கொடுத்த விலை. அடுத்தவருக்கு அது மிச்சமாகட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

வண்டி ராயல் என்ஃபீல்டு இன்டர்செப்டர் 650. பின்னால் இரண்டு ஷாக், சக்கரத்தின் மொத்த ஓட்டம், அதாவது மேலும் கீழும் அது அசையக்கூடிய தூரம், 88 மி.மீ. வாங்கி நான்கு வருடம், 46,000 கி.மீ. அதில் பாதிக்கு மேல் இரண்டு பேரும் சாமானுமாக ஓடியது. அந்தப் பாரத்தில் அவ்வளவு தூரம் ஓடினால் எந்த ஷாக்கும் களைத்துத்தான் போகும். தனுஷ்கோடி போய்விட்டுக் காரைக்குடி வழியாகத் திருச்சி திரும்பும்போது, பாலத்தின் இணைப்பு ஒவ்வொன்றிலும் வண்டி ஒரு முறை குதித்து, அடங்காமல் இன்னும் இரண்டு முறை ஆடியது. புதுக்கோட்டையில் இறங்கியதும் மனைவி, "என்னங்க, இனிமே இந்த வண்டில என்னால தஞ்சாவூர் தாண்டி வர முடியாது, இடுப்பு விட்டுப்போச்சு" என்றாள். வீட்டுக்கு வந்து துடைத்தபோது இடது ஷாக்கின் தண்டில் எண்ணெய்ப் படலம், அதில் ஒட்டிய மண்.

முதலில் சரிசெய்யத்தான் பார்த்தேன். பாலக்கரைப் பக்கம் ஷாக் வேலையிலேயே முடி நரைத்த மெக்கானிக் அண்ணன் ஒருவர் இருக்கிறார். கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தவர், "இது கேஸ் அடைச்சது தம்பி. ஆயில் சீல் மாத்திடலாம். திரும்ப கேஸ் ஏத்த என்கிட்ட மெஷின் இல்ல. காசு வாங்கிக்கிட்டு அரைகுறையா செய்ய மாட்டேன்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். அழுத்தத்தில் இருக்கிற ஷாக்கை வீட்டில் திறக்கக் கூடாது, ஆளையே அடித்துவிடும் என்று எச்சரித்தும் அனுப்பினார்.

ஆகவே புதிது. இங்கேதான் வழி தவறினேன்.

இரண்டு இரவு பிராண்டுகளைப் பற்றிப் படித்தேன். ஸ்வீடனின் ஓலின்ஸ், ஜெர்மனியின் வில்பர்ஸ், இங்கிலாந்தின் ஹேகன், தாய்லாந்தின் ஒய்.எஸ்.எஸ். எல்லாம் நல்ல பெயர்கள்தான். விலையைப் பார்த்ததும் மனம் சுருங்கியது. அந்த நேரத்தில் 9,800 ரூபாய்க்கு ஒரு ஜோடி கண்ணில் பட்டது. பெயர் கேள்விப்படாதது. தங்க நிறக் குப்பி, சிவப்பு ஸ்பிரிங், இரட்டை ஷாக் வண்டிகளுக்கெல்லாம் பொருந்தும் என்ற உறுதி. நீளம் மட்டும் சொன்னால் போதும் என்றார்கள். நீளத்தை அளந்தேன். எப்படி? வண்டியிலேயே வைத்து, டேப்பைப் பிடித்து, மேல் போல்ட்டின் மேல் விளிம்பிலிருந்து கீழ் போல்ட்டின் அடி விளிம்பு வரை. ஷாக்கின் இரு முனையிலும் போல்ட் நுழையும் வளையத்தைக் கண் என்பார்கள். அளக்க வேண்டியது ஒரு கண்ணின் நடுவிலிருந்து மறு கண்ணின் நடுவுக்கு. அதுவும் சக்கரம் தொங்கும் நிலையில், ஷாக் முழுக்க நீண்டிருக்கும்போது. என் முறையில் ஒரு போல்ட்டின் தடிமன் கூடிப்போய், அதற்கு நெருக்கமாக அவர்களிடம் இருந்த அளவை ஆர்டர் செய்தேன். வந்தது பழையதைவிட 10 மி.மீ. நீளம்.

சரியான நீளம் எவ்வளவு என்று எண்ணாக இங்கே எழுதப் போவதில்லை. இன்னொருவர் எழுதிய எண்ணைப் பார்த்து ஆர்டர் போடாதீர்கள். உங்கள் ஷாக்கைக் கழற்றித் தரையில் படுக்கவைத்து, இரண்டு கண்ணிலும் நடுவைக் குறித்து, இரும்பு ஸ்கேலால் அளங்கள். பத்து நிமிட வேலை.

மாட்டும்போதே வண்டி எனக்குச் சொன்னது. நான் கேட்கவில்லை. சென்டர் ஸ்டாண்ட் போட்டு, சக்கரத்துக்கு அடியில் பலகை கொடுத்து, ஒரு பக்கம் மட்டும் கழற்றினேன். பின் சக்கரத்தைத் தாங்கும் கையான ஸ்விங் ஆர்மை மறு பக்க ஷாக் பிடித்துக்கொண்டிருக்கும், அதனால் ஒவ்வொரு பக்கமாக மாற்றுவது சுலபம். கீழ் போல்ட் துருப்பிடித்து அசையவில்லை. எண்ணெய் விட்டு ஒரு இரவு ஊறவைத்ததும் காலையில் கழன்றது. புது ஷாக்கின் மேல் கண்ணை மாட்டிவிட்டுக் கீழே பார்த்தால், கண் துளை போல்ட் துளைக்குக் கீழே நிற்கிறது. அங்கேயே நிறுத்தி, பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்க வேண்டும். நான் இரண்டு பக்கத்தையும் கழற்றி, பலகையை எடுத்துவிட்டு, கடப்பாரையால் ஸ்விங் ஆர்மைக் கீழே அழுத்திச் சேர்த்தேன். கண்ணின் உள்துளையும் பெரிதாக இருந்ததால் லேத் பட்டறையில் நான்கு ஸ்லீவ் கடைந்து வாங்கினேன், 380 ரூபாய்.

மாட்டி முடித்து மறுபடி சென்டர் ஸ்டாண்ட் போட்டால், முன்பு ஒரு விரல் இடைவெளியில் சுழன்ற பின் சக்கரம் இப்போது தரையை உரசியது. செயினுக்கு எண்ணெய் போடக்கூட ஸ்டாண்டுக்கு அடியில் பிளைவுட் துண்டு வேண்டியதாயிற்று. சைடு ஸ்டாண்டில் வண்டி முன்னைவிட அதிகமாகச் சாய்ந்தது. பெட்டியோடு நிறுத்த பயமாக இருந்தது.

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டிருப்பேன், ஓட்டம் நன்றாக இருந்திருந்தால். தனியாக ஓட்டினால் மெத்தை போல இருந்தது. மனைவியும் பெட்டிகளும் ஏறியதும், முசிறி போவதற்குள் மூன்று வேகத்தடையில் அடி முட்டியது. ஸ்பிரிங்கை முன்கூட்டியே அழுத்தி வைக்கும் பிரீலோட் வளையத்தைத் திருகினால் கெட்டியாகும் என்று நம்பி, இருந்த மரை முழுக்கத் திருகினேன். அப்படியும் முட்டியது. இரவில் ஹெட்லைட் வெளிச்சம் எதிரே வரும் பஸ்ஸின் கண்ணாடியில் விழுந்தது. எதிரில் வந்த எல்லோரும் டிம் அடித்துக் காட்டினார்கள்.

அப்போதுதான் அளக்க ஆரம்பித்தேன். முதல் நாளே செய்திருக்க வேண்டிய வேலை இது.

750 ரூபாய்க்கு எடை பார்க்கும் மெஷின் வாங்கினேன். என் எடை 76 என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஹெல்மெட், ஜாக்கெட், பூட்ஸ் எல்லாம் போட்டு ஏறினால் 82. மனைவி அதே போல 64. பெட்டிகள் மூன்றும் சேர்த்து 12, 13 கிலோ இருக்கும் என்று எண்ணியிருந்தேன், வந்தது 22. மழைக் கோட்டு, டூல் கிட், பஞ்சர் பம்பு, இரண்டு லிட்டர் தண்ணீர் என்று எதையும் நான் கணக்கில் வைத்ததே இல்லை. ஆக மொத்தம் 168 கிலோ. அதிலும் முக்கியமானது பாரம் உட்காரும் இடம். என் பாரத்தில் ஒரு பகுதியை முன் சக்கரம் வாங்கிக்கொள்கிறது. மனைவியுடையதும் பெட்டிகளுடையதும் ஏறத்தாழ முழுக்கப் பின் ஷாக்கின் தலையில்.

அடுத்தது அமுங்கும் அளவு. பின் அச்சுக்கு நேர் மேலே, பாடியில் ஒரு மாஸ்கிங் டேப் ஒட்டி அதில் கோடு போட்டேன். அச்சின் நடுவிலிருந்து அந்தக் கோடு வரை மூன்று முறை அளக்க வேண்டும். சக்கரம் தொங்கும்போது ஒன்று. வண்டி தன் எடையில் மட்டும் தரையில் நிற்கும்போது ஒன்று. எல்லோரும் எல்லாமும் ஏறியபின் ஒன்று. பக்கத்து வீட்டுத் தம்பி ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டான், அவன் அக்கா அளந்தாள். ஒவ்வொரு முறையும் சீட்டை அழுத்தி விட்டுவிட்டு, அது தானாக நின்ற பிறகே படிக்க வேண்டும். ஒரே நிலையில் இரண்டு மூன்று தடவை அளந்து சராசரி எடுத்தோம்; ஒன்றிரண்டு மி.மீ. முன்னே பின்னே வரத்தான் செய்கிறது.

தொங்கும்போது 523. தன் எடையில் 521. எல்லோரும் ஏறியபின் 480. அதாவது வெறும் வண்டி அமுங்கியது வெறும் 2 மி.மீ., பாரத்தோடு அமுங்கியது 43 மி.மீ. மொத்த ஓட்டமே 88. புறப்படும் முன்பே பாதியைச் செலவழித்துவிட்டுத்தான் நாங்கள் கிளம்பியிருக்கிறோம்.

இந்த இரண்டு எண்ணையும் சேர்த்துப் பார்த்ததும்தான் என் தவறு முழுதாகப் புரிந்தது. பிரீலோட் ஸ்பிரிங்கைக் கெட்டியாக்குவதில்லை. வண்டி நிற்கும் உயரத்தை மட்டும்தான் மாற்றுகிறது. திருகித் திருகி வெறும் வண்டியைத் தூக்கி நிறுத்திவிட்டேன். ஆனால் ஆள் ஏறினால் அதே ஸ்பிரிங் ஒவ்வொரு கிலோவுக்கும் அதே அளவுதான் அமுங்கும். வெறும் வண்டி அசையவே மாட்டேன் என்கிறது, பாரம் ஏறினால் பாதி போய்விடுகிறது என்றால் ஸ்பிரிங் மெலிசு. எதிர்ப்புறமாக, பாரத்தோடு அமுங்கல் சரியாக வரும்படி வைத்தபின் வெறும் வண்டி நிறைய அமுங்கினால் ஸ்பிரிங் தேவைக்கு மேல் கெட்டி.

வெர்னியரில் ஸ்பிரிங் கம்பியை அளந்தேன், 7.5 மி.மீ. சுருளின் அகலம், சுருள்களின் எண்ணிக்கை எல்லாம் வைத்துக் கணக்குப் போட்டால் ஒரு மி.மீ. அமுங்க ஏறத்தாழ 20 நியூட்டன், அதாவது ஒவ்வொரு ஷாக்குக்கும் இரண்டு கிலோ சொச்சம். அமுங்கல் அளவுகளிலிருந்து திருப்பிக் கணக்கிட்டாலும் அதே பக்கம்தான் வந்தது. எங்கள் பாரத்துக்கு 28 நியூட்டன் பக்கத்தில் தேவை.

இந்த முறை கடைகளிடம் பேசும் விதமே மாறியது. நான்கு இடத்தில் விசாரித்தேன். மூன்று பேர் வண்டியின் பெயரையும் எனக்குப் பிடித்த நிறத்தையும் கேட்டார்கள். நாலாமவர் கேட்டது, "உங்க வெயிட் என்ன, பின்னாடி யாரு உட்காருவாங்க, பாக்ஸ் இருக்கா?" நான் தாளில் எழுதி வைத்திருந்ததை வாசித்தேன். ஸ்பிரிங் எண் என்ன வரும் என்று கேட்டேன். அன்று மாலையே 28 என்று சொல்லி, ஸ்பிரிங்கில் அச்சடித்திருப்பதைப் படம் எடுத்தும் அனுப்பினார். விலை, கூரியர் எல்லாம் சேர்த்து 28,600. மேலே சொன்ன பெயர்களில் ஒன்றின் நடுத்தர மாடல்தான். எது என்று சொன்னால் அதையே வாங்கிவிடுவீர்கள், ஸ்பிரிங்கைக் கேட்காமல். உங்கள் வீட்டு எடை வேறு.

எண்ணெய்க்கும் கேஸுக்கும் தனிக் குப்பி வைத்த விலை கூடிய மாடலையும் காட்டினார். குப்பி உட்காரும் இடம் என் பக்கப் பெட்டியின் கம்பியில் முட்டும் என்று அட்டையில் வெட்டிப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். பெட்டி மாட்டுபவர்கள் இந்த அட்டை வேலையை ஆர்டருக்கு முன்பே செய்துவிடுங்கள். இடப்பக்கம் செயின் கார்டுக்கும் ஸ்பிரிங்குக்கும் இடையே இடைவெளி இருக்கிறதா என்றும் பாருங்கள்.

புதியது வந்ததும் முதலில் பழைய ஒரிஜினல் ஷாக்கை எடுத்து, இரண்டின் கண்ணிலும் ஒரே கம்பியை நுழைத்துப் பார்த்தேன். வழுக்கிக்கொண்டு போனது. வண்டியில் மாட்டும்போதும் ஒவ்வொரு பக்கமாகக் கையாலேயே உட்கார்ந்தது. கடப்பாரைக்கு வேலையில்லை. நட்டுகளைச் சென்டர் ஸ்டாண்டிலேயே முழுக்க இறுக்காமல், வண்டியைத் தரையில் இறக்கி, தன் எடையில் நிற்கும்போதுதான் டார்க் ரெஞ்சில் மேனுவல் சொல்லும் அளவுக்கு இறுக்கினேன். தொங்கும் நிலையில் இறுக்கினால் கண்ணுக்குள் இருக்கும் ரப்பர் புஷ் எப்போதும் முறுக்கிக்கொண்டே இருக்கும், சீக்கிரம் கிழியும்.

ஸ்பிரிங் ஆடாமல் நிற்கும் இடத்தைப் பூஜ்யமாக வைத்து, 12 மி.மீ. பிரீலோட் கொடுத்தேன். மரை ஒரு சுற்றுக்கு 1.5 மி.மீ., ஆக 8 சுற்று. மறுபடி அதே தம்பி, அதே அக்கா, அதே டேப். தொங்கும்போது 512, தன் எடையில் 508, எல்லோரும் ஏறியபின் 479. அமுங்கல் 4, 33. எண்களைப் பார்த்து நின்றுவிட்டேன். பாரத்தோடு நிற்கும் உயரம் பழைய தப்பான ஜோடிக்கும் இதற்கும் ஒரே ஒரு மி.மீ.தான் வித்தியாசம். 10 மி.மீ. நீளமான ஷாக் தந்த உயரம் முழுவதையும் மெலிந்த ஸ்பிரிங் தின்றிருக்கிறது. கம்பியை அளந்தால் 8.2 மி.மீ. வெறும் 0.7 தான் கூட. கம்பித் தடிமனின் நான்காம் படியில் கெட்டித்தன்மை ஏறுவதால் அந்த 0.7 மி.மீ. நாற்பது சதவீதத்தைக் கூட்டிவிடுகிறது. கண்ணால் பார்த்து ஸ்பிரிங் வாங்க முடியாது என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்.

தனியாகப் போகும்போது இதே அமைப்பு முரடாக இருந்தது. நான்கு சுற்று தளர்த்தி 6 மி.மீ.க்குக் கொண்டுவந்தால் நான் மட்டும் உட்கார்ந்து 22 மி.மீ. அமுங்குகிறது, பிட்டம் நன்றி சொல்கிறது. வளையத்தில் பெயிண்ட் பொட்டு வைத்திருக்கிறேன். ஹூக் ஸ்பேனரால் இரண்டு பக்கமும் மாற்ற ஆறு நிமிடம். திருகும் முன் மரையில் மண் இல்லாமல் பிரஷால் துடைக்க வேண்டும், இல்லாவிட்டால் அலுமினிய மரை கடித்துக்கொள்ளும்.

அமுங்கிய ஷாக் திரும்பி எழும் வேகத்தைக் கட்டுப்படுத்தும் ரீபவுண்டில் இன்னொரு தவறு செய்தேன். அடியில் இருக்கும் குமிழில் 24 கிளிக். நடுவில் 12இல் தொடங்கினேன். நெடுஞ்சாலையில் இன்னும் இறுக்கமாக நின்றால் நன்றாக இருக்குமே என்று முழுக்க மூடிய நிலையிலிருந்து 4 கிளிக் வரை கொண்டுபோனேன். நீளமான வளைவுகளில் தண்டவாளத்தில் போவது போல அருமையாக இருந்தது. டோல்கேட்டுக்கு முன்னால் வரிசையாகப் போட்டிருக்கும் சின்னக் கோடுகள் வந்ததும் முதல் இரண்டு கோடு தெரியவில்லை, ஐந்தாவது ஆறாவதில் முதுகில் குத்தியது. ஸ்பிரிங் திரும்பி எழுவதற்குள் அடுத்த கோடு வந்து, வண்டி படிப்படியாகக் கீழே இறங்கியிருக்கிறது. முரடாக இருக்கிறதே என்று நான் இன்னும் மூடப் பார்த்தேன், வேண்டியது திறப்பது. இப்போது இருவருக்கு 10, தனியாக 13. ஒரு நேரத்தில் ஒரே ஒரு குமிழ், இரண்டு கிளிக், அதே சாலை. இந்த ஒழுங்கை விட்டால் எதனால் எது மாறியது என்று தெரியாமல் போகும். ஒரு நாள் முழுக்க ஷாக்கைக் குறைசொல்லிக்கொண்டிருந்தேன். மறுநாள் காலை குளிர்ந்த டயரில் காற்றைப் பார்த்தால் தேவையைவிட 6 பி.எஸ்.ஐ. அதிகம்.

சோதனைக்கு எடுத்துக்கொண்ட சாலை திருச்சியிலிருந்து முசிறி, தொட்டியம், நாமக்கல், சேந்தமங்கலம், காரவள்ளி, அங்கிருந்து மலை. காவிரிக்கரையில் ஊருக்கு ஊர் வேகத்தடை, நாமக்கல்லைச் சுற்றி லாரி அழுத்திய தாரில் மேடு பள்ளம், பிறகு 70 வளைவு. ஏற்றத்தில் பாரம் பின்னால் சரியும், அதில் கொண்டை ஊசியில் முதல் கியரில் திரும்பும்போது பழைய ஜோடியில் முன் சக்கரம் லேசாகி ஹேண்டில் மிதக்கும். இந்த முறை போட்ட கோட்டில் போனது. இறக்கத்தில் பாதி தூரம் வந்ததும் நிறுத்தி ஷாக்கைத் தொட்டுப் பார்த்தேன். கை வைக்கும் சூடுதான். கடைசி வளைவிலும் முதல் வளைவு மாதிரியே அடக்கம் இருந்தது.

கணக்கு: முதல் ஜோடியை உண்மையைச் சொல்லி, மெலிந்த உடம்போடு தனியாகவே ஓட்டும், உயரமான ஷாக் தேடிக்கொண்டிருந்த ஒரு பையனுக்கு 5,500க்குக் கொடுத்தேன். அதில் நட்டம் 4,300. ஸ்லீவ் 380, எடை மெஷின் 750, கேபிள் டை 40, புது ஜோடி 28,600. மொத்தம் 34,070. எடை மெஷினை முதலில் வாங்கியிருந்தால் ஏறத்தாழ 4,700 ரூபாய் கையில் நின்றிருக்கும். பழைய ஒரிஜினல் ஷாக்கிலும் கழற்றும் முன் அமுங்கலை அளந்து வைத்திருக்க வேண்டும். ஒப்பிட ஒரு ஆரம்பப் புள்ளி இருந்திருக்கும். அந்த வாய்ப்பு போய்விட்டது.

3,200 கி.மீ. ஆகிறது. தண்டு இரண்டும் காய்ந்து சுத்தமாக இருக்கிறது. வலப்பக்க மேல் புஷ்ஷில் மழைக்குப் பிறகு ஒரு கீச் சத்தம் வருகிறது, அதை இன்னும் பிடிக்கவில்லை. பின்பக்கம் அடங்கியதும் முன் ஃபோர்க் பிரேக் போடும்போது குனிவது இப்போது நன்றாகத் தெரிகிறது. முன்பும் குனிந்திருக்கும், பின்னால் நடந்த ஆட்டத்தில் கவனிக்கவில்லை. ஃபோர்க் ஆயில் ஒரு லிட்டர் வாங்கி வைத்திருக்கிறேன். இந்த முறை மாஸ்கிங் டேப்பை முதலில் ஒட்டியாயிற்று. ஆயிலை வடிக்கும் முன் மூன்று அளவும் நோட்டில் ஏறிவிட்டன. மனைவி அடுத்த மாதம் வால்பாறை என்கிறாள்.